தொடாமல் பார்த்த காய்ச்சல்

நான் வைத்தியன் அல்ல. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். இந்த நாட்டுக்கு வந்த காலம் தொட்டு எங்கள் நகரத்துத் தமிழர் என்னை "டொக்டர் அண்ணை" என்றுதான் கூப்பிட்டார்கள். நான் ஒரு தடவைகூட மறுக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் மருத்துவபீடத்தில் மூன்று வருடம் படித்தேன், அவ்வளவுதான். பிறகு படிப்பும் ஊரும் ஒன்றாகக் கையை விட்டுப் போயின. ஜேர்மனிக்கு அகதியாக வந்து சில வருடம் உணவகங்களில் தட்டுக் கழுவினேன். அதன் பின் ஒரு வைத்தியசாலையில் தாதிகளுக்கு உதவியாளனாக வேலை கிடைத்தது. ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன்.

நான் வேலை செய்தது பிள்ளைகளின் தொற்றுநோய்ப் பிரிவில். அது மற்றக் கட்டடங்களிலிருந்து தள்ளி, மதில் ஓரமாக, தனியாக நின்ற செங்கல் கட்டடம். நூறு வருடத்துக்கு முன்பு செங்காய்ச்சலுக்கும் தொண்டை அடைப்பானுக்கும் என்றே கட்டியது. வெளிச்சுவரைச் சுற்றி ஒரு ஒடுங்கிய நடைபாதை ஓடும். அந்தக் காலத்தில் பெற்றோர் உள்ளே வர அனுமதி இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த நடைபாதையில் வரிசையாக நின்று கண்ணாடி வழியாகத் தங்கள் பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போவார்களாம். ஆறு கிழமை, ஏழு கிழமை என்று பிள்ளைகள் உள்ளே கிடந்திருக்கிறார்கள். கொண்டுவந்த பொம்மையைத் திருப்பிக் கொடுப்பதில்லை, எரித்துவிடுவார்கள். உள் நடைக்கூடத்தில் ஒரு பழைய படம் தொங்கியது. வெள்ளைத் தொப்பி போட்ட தாதி ஒருத்தி, அவளுக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு மொட்டைத் தலைப் பிள்ளைகள். ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை.

என் காலத்தில் பெற்றோர் உள்ளே வரலாம். ஆனால் ஒவ்வொரு அறைக்கும் இரண்டு கதவு. இரண்டுக்கும் நடுவில் ஆள் ஒருவர் நிற்கக்கூடிய இடம். அங்கே மேலங்கி, முகமூடி, கையுறை எல்லாம் போட்டுக்கொண்டுதான் உள்ளே போகவேண்டும். வெளியே வரும்போது அவற்றைக் கழற்றிப் போட்டு, கை கழுவி, முதல் கதவு மூடிய பிறகே இரண்டாவதைத் திறக்கலாம். உள்ளே போன ஒருவர் நினைத்தவுடன் வெளியே வரமுடியாது. இருபது வருடம் அதை ஒரு விஷயமாகவே நான் நினைக்கவில்லை.

செங்காய்ச்சலை அங்கேதான் முதன்முதலில் கண்டேன். எங்கள் நாட்டில் அது அரிது. பாடப் புத்தகத்தில் ஒரு பக்கம் படித்ததுடன் சரி. இங்கே வெள்ளைக்காரப் பிள்ளைகளின் உடம்பில் அது சிவந்து கிடக்கும், வாசலில் நின்றே சொல்லிவிடலாம். ஆனாலும் எங்கள் பிரிவின் தாதிகள் கண்ணை நம்புவதில்லை. பிள்ளையின் வயிற்றில் புறங்கையால் மெல்லத் தடவுவார்கள். ஈர மணலைத் தடவுவதுபோலச் சுரசுரவென்று இருந்தால் அதுதான். நானும் எத்தனையோ பிள்ளைகளை அப்படித் தடவிப் பார்த்திருக்கிறேன். கறுத்த தோலில் சிவப்புத் தெரியாது, கைக்குத்தான் தெரியும் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்திருக்க வேண்டியவன் நான்தான்.

பதினைந்து வருடத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் எங்கள் தெருவில் இருந்த ஒரு இளம் தாய் தொலைபேசி எடுத்தார். ஏழு வயது மகளுக்குக் காய்ச்சல், தொண்டை நோ, உடம்பெல்லாம் ஏதோ போட்டிருக்கு என்றார். பிள்ளைகள் வைத்தியரின் இடம் மத்தியானத்துடன் பூட்டியாகிவிட்டது, திங்கட்கிழமைதான் திறப்பார்கள். கணவர் உணவகக் குசினியில் வேலை. அவர்தான் என்னைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறார். டொக்டர் அண்ணை தெருவில் இருக்கும்போது டெர்மின் எடுத்து வைத்தியரிடம் முன்பதிவு செய்வது எதற்கு என்று பகிடி விட்டாராம்.

வேலை முடிந்து நேராக அங்கே போனேன். யன்னலுக்குத் திரை இழுத்து, அறையை அரை இருட்டில் வைத்திருந்தார்கள். தமிழ்க் கடையில் பொலித்தீன் பையில் வரும் வேப்பிலை பிள்ளையின் தலைமாட்டில் கிடந்தது. அன்று காலையிலிருந்து வீட்டில் ஒன்றும் தாளிக்கவில்லை என்று அந்தத் தாய் சொன்னார். அவர் என்னிடம் கேட்க விரும்பியது எனக்கு உடனே விளங்கியது. அம்மாள் வந்திருக்கிறாளா என்றுதான். எங்கள் ஆட்கள் சின்னமுத்து, கொப்பளிப்பான் என்று அம்மை நோய்களின் பெயர்களை அந்த வீட்டுக்குள் சொல்வதில்லை. அம்மாள் வந்திருக்கிறா என்பார்கள். வெளியாள் படுக்கைக்குக் கிட்டப் போவதில்லை, தொடுவதில்லை. ஊரில் பெரிய வைத்தியர்கள்கூட அம்மாள் வீட்டில் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனதை நான் கண்டிருக்கிறேன். மேல்நாட்டுப் படிப்புப் படித்தும் முறை தெரிந்த மனிதர் என்று அவர்களுக்குப் பெரிய மதிப்பு இருக்கும்.

நானும் வாசலில் நின்றேன். கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பிள்ளையின் நெஞ்சில் சின்னச் சின்னத் தடிப்புகள் மங்கலாகத் தெரிந்தன.

"தொட்டுப் பாக்கேல்லையோ அண்ணை?" என்று தாய் கேட்டார்.

"அம்மாள் வீட்டில வெளியாள் தொடக்கூடாது பிள்ளை. உனக்குத் தெரியாதே?"

அவர் வெட்கப்பட்டார். முறை தெரியாமல் கேட்டுவிட்டேன் என்று நினைத்திருக்க வேண்டும். நாக்கை நீட்டு என்று நான் பிள்ளையிடம் சொல்லவில்லை. திரையை விலக்கச் சொல்லவில்லை. சின்னமுத்துக்கு ஊசி போட்ட பிள்ளைதானே என்றும் யோசிக்கவில்லை. நாளைக்கு அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோகட்டோ என்று அவர் கேட்டபோது, வேண்டாம் என்றேன். கொண்டுபோனால் சுகாதாரப் பணியகத்துக்கு அறிவிப்பார்கள், உன் மனிசனைக் குசினிக்குள் விடமாட்டார்கள், இரண்டு கிழமையில் ஊன்ட்றொப் அம்மன் கோயிலில் தேர், பிள்ளைக்கு நேர்த்தி வேறு இருக்கு, எல்லாம் குழம்பும் என்றேன். இளநீரும் மோரும் கொடு, ஏழாம் நாள் மஞ்சளும் வேப்பிலையும் போட்டுத் தண்ணி வார் என்றேன். சொல்லும்போது எனக்கு நன்றாக இருந்தது. அதை மறைக்கக் கூடாது. காலையில் பிள்ளைகளின் மலச்சட்டி கழுவிய கை, மாலையில் வாசலில் நின்று தீர்ப்புச் சொன்னது.

செங்காய்ச்சல் மருந்து இல்லாமலும் இறங்கிவிடும். அதுதான் அதன் பொல்லாத்தனம், சில பிள்ளைகளுக்குச் சில கிழமை கழித்து இதயத்தில் போய்ப் பிடிக்கும். ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. ஏழாம் நாள் தண்ணி வார்த்தார்கள். எனக்கு ஒரு பெட்டி மாம்பழம் வந்தது.

தேர் அன்று நானும் ஊன்ட்றொப்புக்குப் போயிருந்தேன். வாய்க்கால் ஓரம் முழுக்கச் சனம். வெயில் கடுமை. அந்தக் குடும்பமும் வந்திருந்தது. பிள்ளை மஞ்சள் பாவாடை சட்டையில், சின்னப் பால்செம்பு எடுத்து முடித்து, களைத்துப்போய் நின்றாள். தாய் அவளை என்னிடம் அனுப்பி, மாமாவுக்குத் திருநீறு கொடு என்றார். அவள் கையை நீட்டினாள். விரல் நுனிகளில் தோல் உரிந்து, நகத்தோரம் வெள்ளை வெள்ளையாகச் சுருண்டு நின்றது.

சின்னமுத்து உரித்தால் தூள் தூளாகத்தான் கொட்டும். விரல் நுனி இப்படி உரிவது செங்காய்ச்சலுக்குப் பின்தான். அதை எங்கள் பிரிவில் கூட்டித் துடைக்கிற பெண்ணும் அறிவாள். நான் திருநீற்றைப் பூசிக்கொண்டு நின்றேன். முன்னுக்கும் பின்னுக்கும் சனம் நெருக்கி, ஒரு அடி நகர முடியவில்லை. தாய் இரண்டு கை தூரத்தில் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தார். இப்போதே வைத்தியரிடம் கொண்டுபோ, தொண்டையைப் பார்க்கச் சொல், பெனிசிலின் கொடுப்பார்கள் என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். ஆனால் அதற்கு முன் நான் பிழை விட்டேன் என்று சொல்லவேண்டும். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் என்னை டொக்டர் அண்ணை என்று கூப்பிடுகிறவர்கள்.

நான் சொல்லவில்லை. காய்ச்சல் விட்டுப் பத்து நாளாகிவிட்டது, இனி ஒன்றும் வராது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அன்று சொல்லியிருந்தால் அவளுடைய இதயம் தப்பியிருக்குமா என்று பின்னாளில் ஒரு வைத்தியரிடம் யாருக்கோ நடந்ததுபோலக் கேட்டேன். தப்பியிருக்கலாம், நிச்சயமாகச் சொல்லமுடியாது என்றார். அந்த "லாம்" இன்னும் என்னிடம் இருக்கிறது.

அடுத்த வியாழக்கிழமை காலை நான் வேலைக்குப் போனபோது அவள் நான்காம் அறையில் இருந்தாள். திரும்பவும் காய்ச்சல், முழங்காலும் கணுக்காலும் வீங்கி, மூச்சு வாங்கியது. என்ன காரணம் என்று தெரியும்வரை தனிமையில் வைக்கச் சொல்லி இரவே எங்கள் கட்டடத்துக்கு அனுப்பியிருந்தார்கள். தாய் பக்கத்தில் இருந்தார். என்னைக் கண்டவுடன் அவருடைய முகம் வெளித்தது. அண்ணை இருக்கிறார் என்ற நிம்மதி.

பிரிவுக்குப் பொறுப்பான வைத்தியர் ஒரு நடுத்தர வயதுப் பெண். மிகவும் கவனமானவர். தாய்க்கு ஜேர்மன் மொழி கொஞ்சம்தான் தெரியும் என்பதால், மொழிபெயர்க்க என்னை உள்ளே வரச் சொன்னார். மூவரும் மேலங்கியும் முகமூடியும் போட்டுக்கொண்டு கட்டிலைச் சுற்றி நின்றோம். இரண்டு கதவும் பூட்டியிருந்தன. வைத்தியர் ஒவ்வொன்றாகக் கேட்டார். மூன்று நான்கு கிழமைக்கு முன் தொண்டை நோ இருந்ததா? இருந்தது. உடம்பில் தடிப்பு? இருந்தது. சரி, அப்போது யார் பார்த்தது?

நான் அந்தக் கேள்வியைத் தமிழில் சொன்னேன்.

தாய் என்னை வியப்பாகப் பார்த்தார். "நீங்கள்தானே அண்ணை பாத்தனீங்கள். நீங்கள் பாத்தனீங்கள் எண்டு சொல்லுங்கோ. அம்மாள் எண்டு சொன்னனீங்கள் எண்டும் சொல்லுங்கோ, அவைக்கு உதவியா இருக்கும்."

அவர் அதில் குற்றம் சாட்டவில்லை. உண்மையாகவே உதவி என்று நினைத்துத்தான் சொன்னார்.

நான் வைத்தியரிடம் திரும்பி, எந்த வைத்தியரும் பார்க்கவில்லை, வீட்டிலேயே தங்கள் வழக்கப்படி வைத்துப் பார்த்திருக்கிறார்கள் என்று ஜேர்மனில் சொன்னேன். அது பொய் இல்லை என்றுகூட அந்தக் கணத்தில் நினைத்தேன். நான் வைத்தியன் இல்லைத்தானே. அத்தனை வருடம் மறுக்காத ஒன்றை, எனக்குத் தேவைப்பட்ட இடத்தில் மறுத்தேன். ஏன் கொண்டுவரவில்லை என்று வைத்தியர் கேட்டார். அதைத் தமிழில் கேட்காமலே, சமய நம்பிக்கை என்று நானே பதில் சொன்னேன்.

வைத்தியர் எழுதிக்கொண்டார். பிறகு தாயைப் பார்த்து, நிறுத்தி நிறுத்தி, நீங்கள் வந்திருக்கவேண்டும் என்று சொன்னார். அந்தளவு ஜேர்மன் அவருக்கு விளங்கும். தலையைக் குனிந்தார். இவ்வளவும் சொன்ன பிறகும் தன்னை ஏன் ஏசுகிறார்கள் என்று அவருக்கு விளங்கவில்லை என்பது எனக்குத் தெரிந்தது.

அந்த அறையில் இரண்டு மொழியும் திறமாகத் தெரிந்த ஒருத்தி இருந்தாள். அவளை நான் மறந்துபோனேன். பிள்ளை கண்ணைத் திறந்து என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இங்கே பிறந்து, இங்கே இரண்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை. தாய் சொன்னதும் அவளுக்கு விளங்கியது, நான் சொன்னதும் விளங்கியது.

வாத இதயக் காய்ச்சல் என்று பின்னேரமே தெரிந்துவிட்டது. இதயத்தின் ஒரு வால்வு பழுதாகியிருந்தது. அது தொற்றும் நோய் அல்ல, ஆனாலும் பெரிய வைத்தியசாலையில் இடம் கிடைக்கும்வரை ஒன்பது நாள் அவள் எங்கள் பிரிவிலேயே இருந்தாள். கட்டிலை விட்டு இறங்கக்கூடாது என்பது உத்தரவு. நான்காம் அறை என் பொறுப்பில். வேறு ஆளுடன் மாற்றிக்கொள்ளக் கேட்டேன். தமிழ் தெரிந்த ஆள் நீதானே, பிள்ளைக்கு நல்லது என்றார்கள். ஒவ்வொரு காலையும் முதல் கதவைப் பூட்டி, மேலங்கி கட்டி, இரண்டாம் கதவைத் திறப்பேன். முகம் துடைத்துவிட்டேன், சட்டி வைத்தேன், சாப்பாடு தீத்தினேன். முன்பெல்லாம் என்னைக் கண்டால் "மாமா" என்று ஓடிவருகிறவள். அந்த ஒன்பது நாளும் என்னுடன் ஜேர்மனில் மட்டும் பேசினாள். தண்ணீர் வேண்டும். நன்றி. யன்னலைப் பூட்டவும். நான் தமிழில் கேட்டாலும் பதில் ஜேர்மனில் வரும். வேறு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். யாரிடமாவது சொல்லிவிடுவாளா என்று பயந்தேன். சொல்லிவிட்டால் நல்லது என்றும் நினைத்தேன். பழைய காலத்துப் பெற்றோர் நின்ற அந்த நடைபாதை அவளுடைய யன்னலுக்கு வெளியேதான் ஓடியது. நான் உள்ளே நின்று அதைப் பார்த்துக்கொண்டு, அங்கே நிற்க விட்டால் போதும் என்று நினைத்திருக்கிறேன்.

நான் சொன்ன இரண்டு வசனமும் கோப்பில் ஏறின. சிறுவர் நலப் பணியகத்திலிருந்து ஒரு பெண் அந்த வீட்டுக்கு மாதாமாதம் வந்தார். அலுமாரி திறந்து மருந்து பார்த்தார். எத்தனை மாதம் என்று எனக்குத் தெரியாது, தெருவில் அந்த வீட்டுப் பக்கத்தால் நடப்பதை நான் நிறுத்திவிட்டேன். சனம் வேறு கதைத்தது. பிள்ளையை வேப்பிலையில் கிடத்திவிட்டுத் தேர் பார்க்கப் போனவள் என்றார்கள். அப்படிக் கதைத்தவர்கள், விஷயம் தெரிந்த ஆள் என்று என்னிடமும் கேட்டார்கள். நான் தலையை ஆட்டி, "என்ன செய்யிறது" என்றேன். ஒரு தடவை அல்ல, பல தடவை. அந்தத் தாய் கோயிலுக்கு வருவதைக் குறைத்து, பிறகு நிறுத்திவிட்டார். குடும்பம் வேறு நகரத்துக்குப் போனது.

பிள்ளைக்கு மாதம் ஒரு பெனிசிலின் ஊசி. பல வருடம் போட்டார்கள்.

போன வருடத் திருவிழாவில் அன்னதான வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒரு அக்கா, யாரையோ பற்றிய கதையில், அந்தத் தாயை இழுத்தார். அவ எந்த முகத்தோடு இங்கே வருவா என்றார். பதினான்கு வருடம் கழித்தும் அது சாப்பாட்டு வரிசையில் ஒரு உதாரணமாக நின்றது. அன்று எனக்குச் சாப்பிட முடியவில்லை.

பிள்ளை இப்போது ஆஹென் நகரத்தில் பொறியியல் படிக்கிறாள். விலாசம் தேடி எடுத்து, வரலாமா என்று எழுதினேன். வாருங்கள் என்று ஒரு சொல்லில் பதில் வந்தது. புகையிரதத்திலும் பிறகு பேருந்திலும் மனதுக்குள் வசனங்களைச் சரிபார்த்துக்கொண்டு போனேன். மாணவர் குடியிருப்பில் நாலாம் மாடி. ஒரு மேசை, ஒரு கட்டில், ஒரு கதிரை. கதிரையை எனக்குத் தந்துவிட்டுக் கட்டிலில் இருந்தாள். படியேறி வந்த எனக்குத்தான் மூச்சு வாங்கியது, அவளுக்கு அல்ல. அதைப் பார்த்ததே எனக்கு ஆறுதலாக இருந்தது.

எல்லாம் சொன்னேன். வாசலில் நின்றது, விரல் நுனியைக் கண்டது, வைத்தியரிடம் சொன்னது. முடிந்ததும் அவள் தமிழிலேயே பேசினாள்.

"எனக்குச் சொல்லி என்ன மாமா. எனக்கு அண்டைக்கே தெரியும்."

"அம்மாவுக்கு?"

"அண்டைக்குப் பின்னேரமே சொன்னனான். சத்தம் போடாத, அவற்ற வேலை போயிடும் எண்டவ."

நான் அழுதேன். அவள் தண்ணீர் எடுத்துத் தந்தாள். உன் அம்மாவிடம் போய் மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன்.

"வேண்டாம். அவ உடன தந்திடுவா. உங்களுக்குச் சுகமாப் போயிடும்." பிறகு சொன்னாள்: "ஆர் ஆர் அம்மாவைப் பற்றிக் கதைச்சவையோ, அவையிட்டப் போய்ச் சொல்லுங்கோ."

இந்த வருடம் திருவிழாவுக்குப் போனேன். அதே அன்னதானக் கொட்டகையில், அதே அக்கா இம்முறை பரிமாறிக்கொண்டிருந்தார். தட்டை நீட்டியபடி, நாலு பேர் கேட்கச் சொன்னேன். அந்தப் பிள்ளையைப் பார்த்தது நான், அம்மாள் என்று சொன்னது நான், ஆஸ்பத்திரியில் பொய் சொன்னதும் நான், தாய் மேல் ஒரு பிழையும் இல்லை.

அவர் கரண்டியை நிறுத்தி என்னை இரக்கமாகப் பார்த்தார். "உங்களுக்குப் பெரிய மனசு டொக்டர் அண்ணை. இவ்வளவு காலத்துக்குப் பிறகு அவளுக்காகப் பழியை உங்கட தலையில போடுறியள்."

இல்லை, உண்மை என்றேன். எனக்குப் பின்னால் நின்றவர், அண்ணை எப்பவும் அப்படித்தான், ஆரையும் விட்டுக்கொடுக்கமாட்டார் என்றார். நான் குரலை உயர்த்தினேன். வயது போய்விட்டது, வெயிலுக்குள் நிற்கவேண்டாம் என்று ஒருவர் கையைப் பிடித்து நிழலுக்குக் கூட்டிப்போனார். தட்டில் கேட்காத வடை ஒன்றும் இருந்தது. அன்று இன்னும் மூன்று பேரிடம் சொன்னேன். ஒருவர் நம்பியிருக்கலாம். அவரும், இப்ப இதைக் கிளறி என்ன பயன் என்று கேட்டுவிட்டு எழும்பிப் போனார்.

நடந்ததைப் பிள்ளைக்குத் தொலைபேசியில் சொன்னேன். சிரித்தாள். சந்தோசச் சிரிப்பு அல்ல. அப்படியென்றால் எழுதுங்கோ என்றாள். எழுத்தில் இருந்தால் கையைப் பிடித்து நிழலுக்குக் கூட்டிப்போக ஏலாது. அம்மாவின் பேரைப் போடவேண்டாம், போடாவிட்டாலும் ஆருக்கும் விளங்கும் என்றாள். உங்கள் பேர் உங்கள் விருப்பம் என்றாள்.

அதனால் எழுதினேன். நகரத்தின் பெயரையும், அந்தக் குடும்பத்தின் பெயரையும் விட்டுவிட்டேன். என் பெயரை இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் வெட்டினேன். அதைப் போட்டால் மறுபடியும் பெரிய மனசு என்பார்கள், கதை என்னைப் பற்றியதாகிவிடும் என்பது நான் எனக்குச் சொல்லும் காரணம். அது காரணம்தானா, தேர் அன்று வாயைக் கட்டிய அதே பயமா என்று இந்தத் தாளைப் பத்திரிகைக்கு அனுப்ப உறையில் போடும்போதும் எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.